800 மணி நேரத்தில் 16

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு கணக்கு உண்டு. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். இதை ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போய்வரும் சிறப்புப் பயிற்றுநர் ஒருவரின் ஆண்டையும் கணக்கிட்டுப் பார்ப்போம். அவர் பொறுப்பில் 20 பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வர முடியாமல் வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வாரத்தில் ஒரு நாள் போய்விடும். மீதி நான்கு நாளும் நாளுக்கு இரண்டு பள்ளி. ஒரு சுற்று முடிய இரண்டரை வாரம். 40 வாரத்தில் 16 சுற்று. போன இடத்தில் ஒரு பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், அந்தப் பிள்ளைக்கு ஆண்டுக்குக் கிடைப்பது 16 மணி நேரம். முகாம், கூட்டம், எமிஸ் இணையதளப் பதிவு என்று கழியும் நாட்களை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

மிச்சமுள்ள 784 மணி நேரமும் அந்தப் பிள்ளை வகுப்பாசிரியரிடம் இருக்கிறது. ஆனால் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளின் கல்வியைச் சீர்திருத்த வேண்டும் என்று பேச்சு வரும்போதெல்லாம் நாம் அந்த 16 மணி நேரத்தைப் பற்றியே பேசுகிறோம்: பயிற்றுநர், முகாம், உபகரணம், உதவித்தொகை. மாற வேண்டியது அந்த 784 மணி நேரம் என்பது என் கட்சி.

முதலில், யார் இந்தப் பிள்ளைகள்? 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை மாற்றுத்திறனை மட்டுமே கணக்கில் எடுத்தது. அதன் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் 21 வகை. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் என்று பளிச்சென்று தெரிபவை முன்பே இருந்தன. ஆட்டிசமும், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் இந்தச் சட்டத்தில்தான் இடம்பிடித்தன. இரண்டாம் வகுப்பு வரை துறுதுறுவென்று இருந்துவிட்டு மூன்றாம் வகுப்பில் திடீரென்று ‘மக்கு’ என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் பலர் இந்தக் கடைசி வகை. கவனச் சிதறலும் மிகைத் துடிப்பும் உள்ள பிள்ளைகள் இந்த 21-இல் இல்லை. மெதுவாகக் கற்கும் பிள்ளைகளும் இல்லை. அவர்களுக்குச் சான்றிதழும் கிடையாது, அட்டையும் கிடையாது. ஆனால் வகுப்பறையில் அவர்களுக்கு வேண்டிய உதவி ஏறக்குறைய அதே உதவிதான்.

இந்தச் சட்டத்தில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு பிரிவுகள். பிரிவு 31: மாற்றுத்திறன் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அருகில் உள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குடும்பத்தின் விருப்பம். பிரிவு 16 வேறு வகை. அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும் அதற்குள் வருகின்றன. பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும்; கட்டடத்தை எல்லோரும் புழங்கும்படி ஆக்க வேண்டும்; அந்தந்தப் பிள்ளைக்கு ஏற்ற தனிப்பட்ட உதவி தர வேண்டும்; கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து, கற்பிக்கும் முறையை அதற்கேற்ப மாற்ற வேண்டும். இந்தப் பிரிவில் 40 சதவீதம் என்ற வரம்பு இல்லை. ‘சதவீதம் குறைவாகப் போட்டிருக்கிறார்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது’ என்று தலைமையாசிரியர் சொன்னால், அவர் பிரிவு 31-ஐ மட்டும் படித்திருக்கிறார் என்று பொருள்.

ஆனாலும் நடைமுறையில் எல்லாம் சான்றிதழில்தான் தொடங்குகிறது. வட்டாரத்தில் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும். எலும்பு மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், கண் மருத்துவர், மனநல மருத்துவர் ஆளுக்கொரு மேசையில் இருப்பார்கள். மடியில் பிள்ளை, கையில் ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் என்று அம்மாக்கள் வரிசையில் நிற்பார்கள். சதவீதம் எழுதப்படும், பிறகு தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பம். உதவித்தொகைக்கும் பேருந்துச் சலுகைக்கும் இது தேவைதான், குறை சொல்ல முடியாது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாய் யாருக்குப் போகிறது என்று அரசு சரிபார்க்கத்தானே வேண்டும்? கோளாறு எங்கே என்றால், வகுப்பறை உதவியும் இதே வரிசையில் வந்து நிற்கிறது. கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகே என்று 2018-இல் வந்த ஒன்றிய அரசின் மதிப்பீட்டு நெறிமுறை சொல்கிறது. மருத்துவ ரீதியாக அதில் நியாயம் உண்டு. ஐந்து வயதில் எழுத்து குழம்புவது எல்லாப் பிள்ளைக்கும் நடப்பதுதான். ஆனால் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் பள்ளியில் அந்தப் பிள்ளை வாசிக்கக் கற்க வேண்டிய முதல் மூன்று வருடமும் வீணாகிவிடும்.

அதன் விளைவைப் பத்தாம் வகுப்பில் பார்க்கலாம். பொதுத்தேர்வுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் சலுகைகள் நல்லவை: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் போகும், அனுமதி வரும். பல பிள்ளைகளுக்குத் தங்கள் பள்ளி வாழ்க்கையில் கிடைக்கும் முதல் உருப்படியான உதவியே இதுதான். ஒன்பது வருடம் மொழியைக் கற்றுத்தர வழி தேடாமல், பத்தாவது வருடத்தில் அந்த மொழித்தேர்வை எழுத வேண்டாம் என்று விட்டுவிடுவது சலுகையா, கைகழுவலா என்று எனக்கு ஒவ்வொரு மார்ச் மாதமும் தோன்றும்.

வகுப்பறை உதவி என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். வாயால் கேட்டால் கதை முழுவதும் சொல்வான், மனக்கணக்கு போடுவான். புத்தகத்தைக் கொடுத்தால் ‘கொக்கு’ என்ற சொல்லில் நின்றுவிடுவான். தமிழ் எழுத்து அவனை எங்கே மடக்குகிறது என்று பாருங்கள். ‘கொ’ என்ற ஓசை ஒன்று. கண்ணுக்கு முன்னால் இருப்பது மூன்று துண்டு. முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் ‘க’, அப்புறம் துணைக்கால். இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகிறவனுக்குக் கொம்பையும் ககரத்தையும் பார்த்ததும் ‘கெ’ என்று வாய் வந்துவிடும். பின்னால் வரும் கால் அதைக் கலைத்துப் போடும். மற்றப் பிள்ளைகள் ஆறு மாதத்தில் இதைப் பழகிவிடுகிறார்கள். இவனுக்குப் பழகவில்லை. ந, ன, ண மூன்றும் வேறு இவன் நோட்டில் இடம் மாறி உட்காரும்.

இவனுக்குச் செய்ய வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. கொம்பையும் காலையும் ஒரே வண்ணத்தில் எழுதி, இரண்டும் ஒரே ஓசையின் இரு கைகள் என்று காட்டலாம். மணல் தட்டில் விரலால் எழுத வைக்கலாம். ஒரு பக்கம் முழுக்கப் படிக்கச் சொல்வதற்குப் பதில் நான்கு வரி. அறிவியல் கேள்விக்கு வாயால் பதில் வாங்கி மதிப்பெண் போடலாம். எழுந்து நின்று உரக்கப் படி என்று மட்டும் சொல்லக் கூடாது. இவற்றையெல்லாம் தாளில் எழுதி வைப்பதுதான் தனிநபர் கல்வித் திட்டம். அந்தத் தாளில் ‘வாசிப்பில் முன்னேற்றம் அடைவான்’ என்று எழுதினால் அது வெறும் படிவம். ‘செப்டம்பர் முடிவதற்குள் கொம்பும் காலும் சேர்ந்த பத்துச் சொற்களைத் தயங்காமல் படிப்பான்’ என்று எழுதினால், செப்டம்பரில் யாரும் சரிபார்க்கலாம்.

ஆட்டிசம் உள்ள சிறுமிக்கு வேண்டியவை வேறு. மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் அவளிடம் சொல்லிவிடுவது, இன்றைக்கு எந்தப் பாடவேளைக்குப் பிறகு எது என்று படங்களாகப் பலகையில் ஒட்டுவது, சத்தம் தாங்காதபோது போய் உட்கார ஒரு மூலை. காசு செலவாகாத வேலை. ஆனால் தினமும் செய்ய வேண்டிய வேலை என்பதால், இரண்டரை வாரத்துக்கு ஒரு முறை வருபவரால் இதைச் செய்ய முடியாது.

வகுப்பாசிரியரால் முடியுமா? முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிலையிலிருந்து கற்பிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பழகினார்கள். வகுப்புக்கு ஒரே பாடம் என்ற பிடி தளர்ந்தால், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்கும் வழி பாதி திறந்த மாதிரிதான். மீதிப் பாதிக்குப் பயிற்சி வேண்டும். பி.எட். படிப்பில் உள்ளடக்கிய பள்ளி பற்றி ஒரு தாள் இருக்கிறது. இரண்டு வருடப் படிப்பாக மாறியபோது சேர்ந்தது. தேர்வுக்கு நோட்ஸ் படித்து அதில் எண்பது மதிப்பெண் வாங்கியவர், ஒரு மூளை முடக்குவாதக் குழந்தைக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுத்தந்ததே இல்லை என்பது சாதாரணமாக நடப்பது. சிறப்புப் பயிற்றுநர் வரும் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளையைத் தனியாக வராண்டாவுக்கு அழைத்துப் போகாமல், வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்து ஆசிரியருக்குச் செய்துகாட்டினால் 16 மணி நேரத்துக்கும் பல மடங்கு பலன் கிடைக்கும். பைசா செலவில்லாத சீர்திருத்தம் இது. பயிற்றுநரின் வருகைப் பதிவில் ‘சந்தித்த மாணவர் எண்ணிக்கை’ என்ற கட்டத்தோடு, ‘ஆசிரியரோடு சேர்ந்து எடுத்த பாடம்’ என்று இன்னொரு கட்டம் வந்தாலே போதும்.

சில பிள்ளைகளுக்குக் கற்பித்தல் பிறகு, முதலில் கழிப்பறை. கிராமத்துப் பள்ளி வராண்டாவில் காலையிலிருந்து மாலைவரை ஒரு அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். பிள்ளையைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போக, உடை மாற்ற, மதியம் ஊட்டிவிட வேறு ஆள் இல்லை. அவர் நூறு நாள் வேலைக்குப் போவதில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்குப் பிள்ளைக்கும் பள்ளி இல்லை. உதவி அதிகம் தேவைப்படும் பிள்ளைக்குப் போக்குவரத்தோடு உடன் வரும் ஆளுக்கும் வழி செய்ய வேண்டும் என்று பிரிவு 16-லேயே இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒதுக்கப்படுவது 3,500 ரூபாய். அதற்குள்தான் மதிப்பீடு, உபகரணம், போக்குவரத்து எல்லாமே. பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 350. இதில் எந்த உதவியாளரை வைப்பது?

சாய்தளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சக்கர நாற்காலி ஏற, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. இரண்டடி உயர மேடையில் கட்டிய வகுப்பறைக்கு 24 அடி. இடம் இல்லை, நிதி இல்லை என்று பத்தடியில் முடித்து, ‘சாய்தளம் உண்டு’ என்று படிவத்தில் குறித்துவிடுவார்கள். அதில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள்.

எல்லாப் பிள்ளையையும் பொதுப்பள்ளியில் சேர்த்துவிட்டால் உள்ளடக்கிய கல்வி வந்துவிடும் என்ற எண்ணத்திலும் எனக்கு உடன்பாடில்லை. காது கேளாத பிள்ளையை, சைகை மொழி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத வகுப்பில் உட்கார வைத்தால், நாற்பது பேருக்கு நடுவில் அந்தப் பிள்ளை தனியாக இருக்கும். அதற்கு மொழியே வளராது. சைகை மொழி பேசும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூடியிருக்கும் சிறப்புப் பள்ளி அதற்கு உண்மையான பள்ளி. பொதுப்பள்ளியா சிறப்புப் பள்ளியா என்ற தேர்வைக் குடும்பத்திடம் சட்டம் விட்டிருப்பது இதனால்தான்.

இனி ஆள் கணக்கு. 2021 அக்டோபரில், ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளில் தொடக்கநிலையில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்றது. 2022-இல் ஒன்றிய அரசு இதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே சேர்த்தது. போதிய ஆட்கள் கிடைக்கும்வரை பல பள்ளிகளுக்கு ஒருவர் போய்வரலாம் என்று நீதிமன்றம் ஒரு இடைக்கால வழியும் விட்டிருந்தது. அந்த இடைக்காலம்தான் நீண்டுகொண்டே போகிறது. பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் மாநிலங்களுக்கு மறுபடியும் கெடு வைக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்யும் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். சம்பளம் திட்ட நிதியில் வருவதால், திட்டம் ஆடினால் இவர்களும் ஆடுவார்கள். 2024-25-இல், தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேராத விவகாரத்தில் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தேசியக் கல்விக் கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். ஆனால் ஒரு பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கிடைப்பதும் கிடைக்காததும் இரண்டு அரசுகளின் கடிதப் போக்குவரத்தைப் பொறுத்திருக்கக் கூடாது. கணக்கு ஆசிரியரின் பணியிடம் பள்ளிக்குச் சொந்தம். சிறப்பு ஆசிரியரின் பணியிடமும் அப்படியே பள்ளிக்கோ, நான்கைந்து பள்ளிகள் சேர்ந்த தொகுப்புக்கோ சொந்தமாக, மாநில ஊதியக் கணக்கில் இருக்க வேண்டும். 20 பள்ளி ஐந்தாகக் குறைந்தால், முதலில் போட்ட கணக்கில் 16 மணி நேரம் 64 ஆகிறது.

சட்டத்தை இன்னும் கடுமையாக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் நீதிமன்றத்தில் நிற்கும் உரிமைப் பத்திரம் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும். அங்கே 1978-லேயே மேரி வார்னாக் தலைமையிலான குழு, ஐந்தில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் காலத்தில் எப்போதாவது சிறப்பு உதவி தேவைப்படலாம் என்று சொன்னது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்த தனித் திட்டத்தை உரிமையாக்கியது. விண்ணப்பித்தால் 20 வாரத்துக்குள் முடிக்க வேண்டும். வகுப்பில் சாதாரணமாகக் கிடைக்க வேண்டிய உதவி மெலிய மெலிய, பெற்றோர் எல்லோரும் அந்தப் பத்திரத்தையே துரத்தினார்கள். 2015-இல் சுமார் 2.4 லட்சமாக இருந்த திட்டங்கள் 2024-இல் 5.75 லட்சத்தைத் தாண்டின. மறுத்த உள்ளாட்சிகள் மீது பெற்றோர் தீர்ப்பாயம் போனால், தீர்ப்பாகும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பெற்றோரே ஜெயிக்கிறார்கள். வக்கீலுக்கும் அலைச்சலுக்கும் வசதி உள்ளவர்கள் முந்திக்கொள்கிறார்கள். 2024 அக்டோபரில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம், இந்த ஏற்பாடு நிதி ரீதியாகத் தாக்குப்பிடிக்காது என்றே எழுதிவிட்டது. அங்கே கொட்டிய பணத்தில் ஒரு சிறு பங்கைக்கூட நாம் செலவழிக்கவில்லை, அதனால் ஒப்பிடுவதற்கு எல்லை உண்டு. ஆனால் காகிதம் இருந்தால்தான் உதவி என்று ஆக்கினால் எல்லோரும் காகிதத்துக்கே ஓடுவார்கள் என்பது இரண்டு ஊருக்கும் பொது.

ஆகவே உதவி தேவையிலிருந்து தொடங்க வேண்டும், சான்றிதழிலிருந்து அல்ல. பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்று ஆசிரியர் கண்டுகொண்ட மறுநாளே மணல் தட்டு வரலாம். அதற்கு மருத்துவர் கையெழுத்து வேண்டாம். நம்மிடம் ‘நலம் நாடி’ என்ற செயலி இருக்கிறது. ஆசிரியர்களே முதற்கட்டமாகக் கண்டறிந்து பதிவு செய்ய உருவானது. பதிவு செய்த பிறகு அடுத்த வாரம் அந்த வகுப்பில் என்ன மாறியது என்று அதிகாரிகள் கேட்கத் தொடங்கினால் அந்தச் செயலிக்கு உயிர் வரும். இப்போது எத்தனை பதிவு என்றுதான் கேட்கிறார்கள்.

இதெல்லாம் நடக்கும்வரை பெற்றோர் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜூன் மாதமே தலைமையாசிரியருக்கு ஒரு பக்க மனு எழுதுங்கள். குறைபாட்டின் பெயரை விட, வகுப்பில் என்ன வேண்டும் என்பதை எழுதுங்கள்: முன் வரிசை, வாய்மொழித் தேர்வு, கழிப்பறைக்கு உதவி, பிள்ளைக்கான தனிநபர் கல்வித் திட்டத்தின் நகல். 2016-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 16 என்று ஒரு வரி சேருங்கள். தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளும் அடக்கம் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அங்கே தீர்மானமாகப் போட வையுங்கள், சாய்தளமும் உதவியாளரும் அந்த வழியில் கேட்பது எளிது. பதில் இல்லையென்றால் 14417-க்கு அழைக்கலாம். பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதற்கும் மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அங்கே போகும்போது முதலில் கேட்பது தேதியைத்தான். அதனால் பள்ளியில் மனுவைக் கொடுக்கும்போதே நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.